விடியுமுன் காலியாகும் ஊர்



தொழில் நகரங்கள் ஏன் நொடிந்துபோகின்றன, அங்குள்ளவர்கள் ஏன் கிளம்பிப் போகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஊருக்கு இரண்டு வரி என்று உலகத்தைச் சுற்றிவருவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். நான் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றதும் 2018-இல் வந்த கன்னடப் படம் நினைவுக்கு வரும் மாணவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். அந்தப் படத்து ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். 2024-இல் வந்த ‘தங்கலான்’, மண்ணைத் தோண்டியவர்கள் யார் என்பதையாவது சொன்னது.

எங்கள் ஊரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை சிறியது. தங்கம் தீர்ந்தது, சுரங்கம் மூடியது, சனங்கள் போய்விட்டார்கள். மூன்றுமே பாதி உண்மைதான். தங்கம் முழுக்கத் தீரவில்லை. சுரங்கம் மூடியதற்கான காரணங்களில் ஒரு பங்கு பாறைக்கு அடியில் இருந்தது, இன்னொரு பங்கு தில்லியின் கோப்புகளில் இருந்தது. சனங்கள் போனதோ விசித்திரமான போக்கு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்றொரு எஃகு நகரம் இருக்கிறது. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கிருந்த பெரிய ஆலை மூடப்படும் என்று அறிவித்தார்கள். 1960-இல் 1,66,000-க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020-இல் 60,000 அளவுக்கு இறங்கிவிட்டது. தொழில் செத்த ஊர் என்றால் இப்படித்தான் ஆகும் என்று புத்தகங்கள் நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் நின்றது. பத்தாண்டு கழித்து எடுத்த 2011 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். எண்ணை மட்டும் பார்ப்பவர் இந்த ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே எழுதிவிடுவார்.

கணக்கெடுக்க வருபவர் நீங்கள் படுத்துறங்கும் வீட்டைக் கேட்பார். நாங்கள் தூங்க மட்டும்தான் அங்கே இருக்கிறோம். இருட்டு விலகுவதற்குள் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்குக் கூட்டம் நிற்கும். கைக்குட்டையை ஜன்னல் வழியே எறிந்து சீட்டுப் பிடிப்பார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறிக்கொண்டே வந்து, பங்காருப்பேட்டை தாண்டும்போது கால் வைக்க இடமிருக்காது. செக்யூரிட்டி யூனிஃபார்மைப் பையில் மடித்து வைத்திருப்பவர், கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கால்சென்டர் பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், கொத்தனார்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். ஒரு மூலையில் சீட்டாட்டம். இன்னொரு மூலையில் ராத்திரி உரிக்க முடியாத பூண்டை மடியில் வைத்து உரிக்கும் அக்காக்கள். ஒருமுறை, “பெங்களூருக்கே குடி போயிடலாமேக்கா” என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். “அங்க வாடகை குடுத்துட்டா சம்பளத்துல என்னா மிச்சம் தம்பி? வூடு இங்க கீது, வேல அங்க கீது, நடுவுல ரயிலு கீது” என்றார். பொருளாதாரப் பாடத்தில் நான் படித்த எந்த இடப்பெயர்வுக் கோட்பாட்டையும்விட அது சுருக்கமாக இருந்தது.

யங்ஸ்டவுன்காரருக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலம் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்குள் பெங்களூர் இருந்தது. எங்கள் சுரங்கம் மூச்சுத் திணறிய அதே 1990-களில்தான் அந்த நகரம் ஊதிப் பெருத்துக்கொண்டிருந்தது. ஆகவே எங்கள் ஊர் நிரந்தரமாகக் காலியாகவில்லை, தினமும் காலியாகி இரவில் நிரம்புகிறது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஓர் ஊர் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டது ஏன் என்பதுதான் என் கேள்வி. அதற்கு ஊர் உண்டான விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கப்பொடி எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது ஆண்டு கழித்து அந்தக் குறிப்பைப் படித்த லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டு வாங்கினார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. அப்போதுதான் தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டையும் சேலத்தையும் சித்தூர்ப் பக்கத்தையும் தின்றுமுடித்திருந்தது. நிலம் இல்லாத, நிலம் வைத்திருக்க விடப்படாத தலித் குடும்பங்கள் சாரைசாரையாக மேற்கே வந்தன. பாறைக்கு அடியில் உயிர் போகும் என்று தெரிந்தேதான் வந்தார்கள். கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

கூலியோடு இன்னொன்றும் வளர்ந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழுக்குச் சென்னைக்கு வெளியே பலமான வாசகர் கூட்டம் எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைன்களில் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. பண்டிதர் 1914-இல் மறைந்தபின், அவர் வழிவந்த அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். 1930 ஏப்ரலில் கம்பெனி தொழிலாளரைக் கைரேகை வைத்துப் பதியச் சொன்னபோது, குற்றவாளிகளா நாங்கள் என்று கேட்டு சுரங்கமே மூன்று வாரம் நின்றது. கம்பெனிதான் இறங்கிவந்தது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நலிந்த ஊர் என்றால் எப்போதும் நலிந்தவர்கள் வாழ்ந்த ஊர் என்று நினைத்துவிடுகிறோம். தங்கவயல் தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தலைநிமிர்ந்து நின்ற ஊர்.

அது கம்பெனி கட்டிய ஊர் என்பதும் அவ்வளவு உண்மை. 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு 1905-இல்தான் மின்விளக்கு எரிந்தது. பேத்தமங்கலா ஏரியிலிருந்து வந்த குடிதண்ணீரும் கம்பெனி கொடுத்தது. ஆஸ்பத்திரி, பள்ளி, ரேஷன் கடை, கால்பந்து மைதானம் எல்லாம் கம்பெனியுடையவை. ஊருக்கு நேரம்கூடக் கம்பெனியின் சங்கு ஊதினால்தான். மேட்டில் வெள்ளைக்காரர் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். பள்ளத்தில் வரிசைவரிசையாக லைன் வீடுகள், அதற்கு முந்தி மூங்கில் தட்டி வேய்ந்த குடிசைகள். மேட்டை மட்டும் படமெடுத்து, “குட்டி இங்கிலாந்து” என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த லைன்களில் உலர் கழிப்பிடங்கள் இருந்தன. 1902-இல் மின்சாரம் கண்ட ஊரில் மனிதர் கையால் மலம் அள்ளும் வழக்கம் 2011-இலும் நீடித்ததை மனித உரிமை அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. பழம்பெருமை பேசும் எங்கள் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி தங்கத்தின் கணக்குக்கு வருவோம். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் மூன்று, நான்கு கிராம். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அங்கே பாறையின் வெப்பம் அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காற்றை உள்ளே தள்ள வேண்டும், ஊறும் தண்ணீரை இரவுபகல் இறைக்க வேண்டும், கூண்டில் ஆளை இறக்கி ஏற்ற வேண்டும். தங்கம் குறையக் குறையச் செலவு கூடியது. இதை யாரும் மறுக்க முடியாது. மொத்தத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த மண் அது. கொஞ்சம் கொஞ்சமாக வற்றத்தான் செய்யும்.

ஆனால் நஷ்டம் என்பது விலையையும் பொறுத்தது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆனது. அரசுக்கு வந்த பின் தங்கத்தைச் சந்தையில் விற்க முடியாது. சர்வதேச நிர்ணய விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும். 1971 வரை அந்த விலை ஒரு அவுன்ஸுக்கு 35 டாலர்தான். பங்காருப்பேட்டை நகைக்கடையில் அதே தங்கம் அதைவிட எவ்வளவோ கூடுதலாக விற்றது. தன் பொருளை மலிவாக வாங்கிக்கொண்ட முதலாளியே, உனக்கு லாபம் இல்லையே என்று தொழிலாளியைப் பார்த்துச் சொன்னான். நஷ்டக் கம்பெனி என்ற பெயர் அந்தக் காலத்தில் ஒட்டியது. பிறகு விலைக் கொள்கை மாறியபோதும் அந்தப் பெயர் உரியவில்லை.

1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் சுமார் 47 டன்னை விமானத்தில் ஏற்றி அனுப்பி அடகு வைத்தது இந்தியா. அடுத்த ஆண்டே, தங்கம் எடுக்கும் எங்கள் நிறுவனம் நலிவுற்றது என்று பி.ஐ.எஃப்.ஆர். என்ற சீரமைப்பு வாரியத்தின் முன் நிறுத்தப்பட்டது. 2001-இல் மூடும்போது உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. இருபது ஆண்டுகளில் அவ்வளவு தாழ்ந்த விலை அபூர்வம். பத்தே ஆண்டில், 2011-இல், அது 1,900 டாலரைத் தொட்டது. பம்புகளை நிறுத்தியதால் அதற்குள் சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது. நான் பொருளாதாரம் படித்தவன். பத்தாண்டு முன்கூட்டி விலையை எவரும் சொல்லிவிட முடியாது என்று தெரியும். ஆனாலும் விலை அடிமட்டத்தில் இருக்கும் நாளில் பம்பை நிறுத்துவது, மழை இல்லாத வருஷத்தில் விதைநெல்லை விற்றுவிடுவதைப் போன்றது. பம்பை மட்டும் ஓடவிட்டிருந்தால் முடிவெடுக்க அவகாசம் இருந்திருக்கும்.

ஒரு சிறு விலகல். 1965-இல், எங்கள் சாம்பியன் சுரங்கத்தின் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பானிய, பிரிட்டிஷ் சகாக்களோடு சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். உலகில் முதல் சில பதிவுகளில் அது ஒன்று. பாறை வெடிப்பை ஆராய ஒரு தேசிய நிறுவனத்தையே 1988-இல் தங்கவயலில் வைத்தார்கள். பிற்பாடு அதுவும் தலைமையகத்தைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டது. தங்கத்தைத் தவிர அந்த ஆழத்துக்கு வேறு பயனே இல்லை என்று சொல்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

மூடும்போது வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். ஒரு காலத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் வேலை செய்த இடம் அது. அப்படியானால் மற்றவர்கள் எங்கே? 2001-க்கு வெகுகாலம் முன்பே ஊர் வெளியேறத் தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கிவைத்தவர்கள் பெற்றோர்கள்.

1940-களில் சுமார் 7,600 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் நோய். எங்கள் லைனில் வாசற்படியில் உட்கார்ந்து இருமாத கிழவரே கிடையாது. இரவில் கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருளும். தூக்கத்திலிருந்து எழுந்த பெண்கள், எந்த ஷாஃப்ட், யார் வீட்டு ஆம்பளை எந்த ஷிஃப்ட் என்று கேட்டுக்கொண்டே ஓடுவார்கள். பதில் வரும்வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. என் நைனா சுரங்கத்தில் டிம்பர்மேன், மேற்கூரை இடியாமல் மரம் கட்டும் வேலை. என்னைச் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கக்கூட அழைத்துப் போனதில்லை. “பாத்தா ஆசை வரும்டா” என்பார். ராபர்ட்சன்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். அந்த மாடிப்படியில் லோயர், ஹையர் எழுதுவதற்கு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பையன்கள் காத்திருப்பார்கள். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பெல் என்று பெங்களூரின் பொதுத்துறை ஆலைகள் ஆள் எடுத்த காலம் அது. கம்பெனிப் பள்ளியும் மிஷன் பள்ளியும் கொடுத்த இங்கிலீஷ் எங்களுக்குக் கைகொடுத்தது.

ஆகவே ஊரைவிட்டுப் போவதை எங்கள் வீடுகள் தோல்வி என்று எண்ணியதே இல்லை. பையன் பாதாளத்தில் இறங்காமல் தப்பிவிட்டான் என்றுதான் சொல்வார்கள். தொழில் நகரங்களைப் பற்றி எழுதுகிற பலரும் ஆலையின் மீது தொழிலாளிக்குப் பாசம் இருந்ததாக உருகுகிறார்கள். எங்கள் ஊரில் கம்பெனியின் மீது பாசம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். சம்பளத்தின் மீது நம்பிக்கை இருந்தது, ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நின்றதில் பெருமை இருந்தது.

அப்படியென்றால் மூடியதில் என்ன குறை என்று கேட்கலாம். போக விரும்பியவன் போனதும், இருக்க விரும்பியவனையும் துரத்தியதும் ஒன்றல்ல. இங்கேதான் நிலம் வருகிறது.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் 1980-களிலிருந்து பல பஞ்சாலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனால் பம்ப், மோட்டார், வார்ப்படம், கிரைண்டர் என்று பட்டறைகள் தெருத்தெருவாக முளைத்திருந்தன. ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் வீட்டுப் பின்புறம் ஒரு லேத்தைப் போட்டுக்கொள்ள முடிந்தது. தங்கவயலில் ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன், வார்ப்படக்காரருக்குப் பஞ்சமா? மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கூண்டை இறக்கும் இயந்திரத்தைப் பழுது பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் நூறு ஆண்டு வாழ்ந்த மண்ணில் லேத் போட ஒரு சென்ட் நிலம்கூட அவர்கள் பெயரில் இல்லை. வீடு கம்பெனி வீடு, தெரு கம்பெனித் தெரு. அடமானம் வைக்கப் பத்திரம் இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? 1960-களில் சுரங்கத்தின் பக்கத்திலேயே வந்த பெமல் (பாரத் எர்த் மூவர்ஸ்) தொழிற்சாலை ஒன்றுதான் பெரிய மாற்று. அதுவும் அரசு ஆலையே. சிறு முதலாளிகள் உருவாகும் மண்ணாக ஊர் இருக்கவே இல்லை. சொந்த ஊர் திரும்பவும் வழியில்லை. வட ஆற்காட்டில் விட்டுவந்த கிராமத்தில் அவர்களுக்கு இருந்தது சேரி மட்டுமே.

ஒரே கை எல்லாவற்றையும் கொடுத்ததால், அந்தக் கை மடங்கியதும் எல்லாம் ஒன்றாக நின்றன. சம்பளத்தோடு ஆஸ்பத்திரியும் போயிற்று. சங்கு நின்றது. சிலிகோசிஸ்காரருக்கு மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய தூரம் கூடிவிட்டது. மூடியபின் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் நிலுவைப் பணத்துக்கு இணையாக வீட்டு உரிமையும் இருந்தது இதனால்தான்.

மொழியையும் விட்டுவிட முடியாது. கர்நாடகத்தில் இருக்கும் தமிழ் ஊர் இது. அ.தி.மு.க.வும் இந்தியக் குடியரசுக் கட்சியும் வென்றிருக்கிற கன்னட மாநிலத் தொகுதி. தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு மாநில அரசு வேலை எட்டாக்கனி. தமிழ்நாட்டுக்கோ நாங்கள் வெளிமாநிலத்தவர். இரண்டு தலைநகரங்களுக்கும் நாங்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். தனியார் வேலைக்கு மொழிச் சான்றிதழ் கேட்காத பெங்களூர்தான் எங்களுக்குத் திறந்திருந்த கதவு.

பின்னர் நடந்தவை நீங்கள் செய்தித்தாளில் பார்த்தவை. சுரங்கங்களை உலகளாவிய டெண்டரில் விடுவதென்று 2006-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. வழக்குகள் நடந்து 2013-இல் உச்சநீதிமன்றம் அந்த வழிக்கு ஒப்புதல் தந்தது. பிறகு கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. எதுவும் நகரவில்லை. ஊரை ஒட்டி நிற்கும் சயனைடு மேடுகள் மட்டும் ஆடிக்காற்றில் நகரும். தங்கம் பிரித்தபின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் அது. ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றில் விழும். அந்த மண்ணில் இன்னும் மிச்சத் தங்கம் இருக்கிறது. 2024 ஜூனில், ஆயிரம் ஏக்கரில் பரவிக் கிடக்கும் 13 மேடுகளை ஏலம் விட கர்நாடக அமைச்சரவை இசைந்தது. உபரி நிலத்தில் தொழிற்பேட்டை என்ற பேச்சும் ஓடுகிறது. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலா பக்கமாகப் போகிறது. நிலத்தின் விலை ஏறத் தொடங்கிவிட்டது.

ஊரில் டீக்கடைப் பேச்சு, “மைன்ஸ் திரும்ப வருது” என்பது. நான் அவ்வளவு துள்ளவில்லை. மேட்டு மண்ணை அலசுவதற்கு ஆழத்தில் இறங்கும் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டாம். இயந்திரமும் சில நூறு பேரும் போதும். அந்த வேலைக்கு மறுபடி சயனைடுதான் வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் அது எங்கிருந்து வரும் என்பதை ஏலக் குறிப்பிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். தொழிற்பேட்டை வந்தால் நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் நிறுவனங்களுக்கு ஐம்பது, நூறு ஏக்கராக வெட்டிக் கொடுப்பதற்கு முன், லைன் வீடுகளுக்கு முழு உரிமைப் பத்திரமும், ஊரில் ஏற்கெனவே பட்டறை நடத்துபவர்களுக்கு ஐந்து, பத்து சென்ட் மனைகளும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுபடியும் ஒரே கம்பெனியின் கையில் ஊரைக் கொடுத்தால், அதன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் விழும் நாளில் மறுபடியும் இதே பேச்சுத்தான்.

பெங்களூரில் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திரும்ப வருவார்களா என்று இங்கே வரும்போது ஒரு மாணவர் கேட்டார். பெரும்பாலானோர் வரமாட்டார்கள், வரவும் வேண்டியதில்லை. விடியற்காலை ரயிலில் பூண்டு உரிக்கும் அக்காக்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போக வர ஐந்து, ஆறு மணி நேரம் அவர்களுடைய நாளிலிருந்து போகிறது. அதில் பாதியாவது மிச்சமாகும்படி ஊரிலேயே வேலை கிடைத்தால் போதும். அதற்கு மூன்று கிலோமீட்டர் ஆழமெல்லாம் தோண்ட வேண்டியதில்லை. ஒரு தையல் ஆலை, ஒரு மோட்டார் உதிரிபாகப் பட்டறை, டாக்டர் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரி என்று சிறிதாகவே தொடங்கலாம்.